ஒண்ணும் சொல்ல மாட்டாங்க

கதவைத் திறக்கக் கூடாது, ஏ.சி. போடக் கூடாது, திரை கேட்கும்போது பிரேக்கை மிதிக்க வேண்டும், மற்றபடி எதையும் தொடாமல் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, இதற்கு ஒரு சம்பளம், சம்பளத்துக்கு மேல் ஒரு பட்டப்பெயர், ஷோரூமில் அவனை அப்டேட் சிகாமணி என்றுதான் கூப்பிடுவார்கள். மடியில் லேப்டாப் சுட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கேபிள் ஸ்டியரிங்குக்குக் கீழே போயிருந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு, கால்வாசி தூரம் வந்து ஏதோ யோசனையில் நின்றது. கண்ணாடியை விரல் நுழையும் அளவுக்கு இறக்கி வைத்திருந்தான், அந்த வழியாக எண்ணூர்க் காற்று உப்பும் நிலக்கரித் தூளுமாக உள்ளே வந்து அவன் கழுத்தில் உட்கார்ந்தது. வெளியே துறைமுக யார்டு முழுக்க வரிசை வரிசையாக ஸ்போர்ட்ஸ் கார்கள், கப்பலில் வந்தபோது ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் இப்போது சாம்பல் நிறமாகி, மூஞ்சியைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றன. ஓட முடியாமல் நிற்கிற ஸ்போர்ட்ஸ் காரைப் போல அசடு வழிகிற பொருள் வேறில்லை என்று அவனுக்கு எப்போதும் தோன்றும். பிரேக்கைப் பார்த்துக்கொள்கிற மென்பொருளில் ஒரு கோளாறு, அதைச் சரி செய்யாமல் ஒரு வண்டியும் வாடிக்கையாளர் கைக்குப் போகக் கூடாது என்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தொழிற்சாலை சொல்லிவிட்டது. சொன்னதோடு சரி, அனுமதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூன்று மூன்று வண்டிகளாகக் கொடுத்தது. எந்த மூன்று என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஷோரூமிடம் விட்டது. விட்டதில்தான் வினையே. அவன் உட்கார்ந்திருந்த இந்தக் கருநீல வண்டி தீபாவளிக்கே ஊருக்குள் ஓடியிருக்க வேண்டியது. இப்போது மாசி. வண்டி பழனியம்மாளுடையது.

அந்தப் பேரை நினைக்கக் கூடாது என்று காலையிலேயே தீர்மானம் செய்துகொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினான். கோடு நகர்கிறதா என்று பார்த்தான், நகரவில்லை. வேறு எதையாவது நினைக்கலாம், மல்லிகா கேஸ் அடுப்பு பர்னர் மாற்றச் சொல்லியிருக்கிறாள், அதை நினைக்கலாம், பர்னர் எந்தக் கடையில் கிடைக்கும், வியாசர்பாடி மார்க்கெட்டில் கிடைக்கும், மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் யார் முதலில் கத்துகிறார்களோ அவர்களுக்குத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார், பார், அங்கேயே வந்துவிட்டது. கத்துகிறவர்களுக்கு முதலில். ஷோரூமிலும் அதுதான் முறை, யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். தொழிற்சாலையிலிருந்து அனுமதி வருகிற அன்றைக்கு மேலாளர் பிரகலாத் அவனைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிடுவார், கதவைச் சாத்துவார், யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்க மாட்டார், யாரைத் தள்ளலாம் என்று கேட்பார். அப்டேட் பற்றி வாடிக்கையாளர்களிடம் போனில் பேசுகிறவன் சிகாமணி, யார் குரல் எவ்வளவு உயரும் என்று அவனுக்குத்தான் தெரியும். முதல் தடவை ஒரு டாக்டர் தலைமை அலுவலகத்துக்கே புகார் அனுப்பியிருந்தார். பெங்களூர்க்காரர் ஒருவர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். அவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டுமானால் வரிசையில் ஒரு வண்டியைப் பின்னால் தள்ளியாக வேண்டும். சிகாமணி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை, "பழனியம்மாள் மேடம் இருக்காங்க சார், அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான். அதைச் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, எப்படிப்பட்ட நல்ல வாடிக்கையாளரைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று. இரண்டாம் தடவையும் அதே அறை, அதே வாக்கியம், பிரகலாத் பாதியிலேயே தலையாட்டிவிட்டார். வெளியே வந்து பழனியம்மாளுக்கு போன் போட்டு, "கப்பல் லேட்டு மேடம்" என்றான். கப்பல் வந்து, இறக்கிவிட்டு, திரும்பிப் போயே ஒரு மாதம் ஆகியிருந்தது. மறுமுனையில் பழனியம்மாள், "கடல்ல வர்றதுங்க, முன்னப் பின்ன ஆகத்தானுங்க செய்யும், கப்பல்காரங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்கல்ல?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றான். "அப்பச் சரிங்க. பாத்துப் போங்க தம்பி" என்று வைத்தார். எங்கே போகிறோம் என்று பாத்துப் போகச் சொல்கிறார் என்று அவன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டான்.

பிரேக்கை மிதிக்கச் சொல்லித் திரை கேட்டது. மிதித்தான். விடச் சொன்னது, விட்டான். கோடு ஒரு துளி நகர்ந்தது. இந்த அப்டேட் பாதியில் நின்றுவிட்டால் பிரேக்கின் கம்ப்யூட்டர் மூளை செத்துப்போகும், புதிது அதே தொழிற்சாலையிலிருந்து அதே கப்பலில் வர வேண்டும், அப்புறம் இந்த வண்டி இந்த வருஷத்துக்கு இல்லை. இதற்கு மேலும் தள்ளிப் போவதால் அவருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒரு குரல் உள்ளே கேட்டது, அந்தக் குரலை அவனுக்குப் பிடிக்கவில்லை, அது பிரகலாத்தின் குரல் மாதிரி இருந்தது, ஆனால் பிரகலாத் இல்லை. கார்த்திகை மாதம் பழனியம்மாள் வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். வாசல் சரிவை அளக்கத்தான் போனான். இந்த வண்டிகளுக்கு வயிறு தரையோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், வாசல் சரிவு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் அடியில் உரசிவிடும், அதனால் டெலிவரிக்கு முன்னால் ஷோரூமிலிருந்து ஒருவர் போய் அளந்துவிட்டு வருவது வழக்கம். அண்ணா நகர் வீடு. அவன் போவதற்கு முன்பே பழனியம்மாள் பழைய சரிவை உடைத்துப்போட்டுவிட்டு, ரோட்டிலிருந்து சப்பையாக, மேலே கஞ்சி ஊற்றினாலும் ஓடாமல் நிற்கும் போல, புதிதாகச் சிமெண்ட் போட்டு வைத்திருந்தார். அளப்பதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி ஊற்றினார். ஊற்றும்போது டம்ளரின் உள்விளிம்பில் ஆள்காட்டி விரலை வைத்திருந்தார், சூடு விரலில் பட்டதும் நிறுத்தினார். சிகாமணி பார்ப்பதை எப்படியோ தெரிந்துகொண்டு அவராகவே சொன்னார். "கண்ணுக்கு நடுவால ஒரு கறை வுழுந்திருச்சுங்க தம்பி. சுத்தியும் தெரியுது. நேரா எதப் பாக்கறனோ அது மட்டுந் தெரியல. இப்ப உங்க காது தெரியுது, மூஞ்சி தெரியல." தை பிறக்கிற வரைக்கும் பகலில், காலி ரோட்டில், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு ஓட்டலாம், அதற்கு மேல் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தாராம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், டாக்டரை ஏமாற்றிக் கொஞ்சம் கூடுதல் நாள் வாங்கிவிட்ட மாதிரி.

பழனியம்மாள் சங்ககிரியில் லாரி கம்பெனி நடத்தியவர். வீட்டுக்காரர் இளம் வயதிலேயே போய்விட்டார், அவர் விட்டுப்போன லாரியை வைத்துக்கொண்டு ஊரே பார்க்கிற மாதிரி கம்பெனியை வளர்த்தார். "ஆயுசுக்கும் வண்டி வாங்கியிருக்கறனுங்க, அத்தனையும் அடுத்தவங்க ஓட்டறதுக்கு" என்றார். "ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு. வெள்ளெனக் கெளம்பி மகாபலிபுரம் வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வந்தாப் போதுமுங்க. அப்பறம் பேரன் ஓட்டிக்கட்டும்." அப்போதுதான் சிகாமணி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், மற்றவர்கள் எல்லாம் சத்தம் போடுகிறார்கள், நீங்கள் மட்டும் இவ்வளவு பொறுமையாக இருக்கிறீர்களே என்று கேட்டான். பாராட்டாகத்தான் கேட்டான். பழனியம்மாள் காலி டம்ளரைத் தடவி எடுத்து ஓரமாக வைத்தார். அப்புறம், தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டிரைவரை நின்ற இடத்திலெல்லாம் போன் பூத்திலிருந்து கூப்பிட வைத்து, எங்கே இருக்கிறாய், ஏன் இன்னும் வரவில்லை என்று விரட்டியதையும், தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அந்த லாரி கவிழ்ந்ததையும் சொன்னார். டிரைவர் பிழைத்தாரா என்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "அன்னைலிருந்து ஓட்டறவன நான் அவசரப்படுத்தறதில்லீங்க. பாத்துப் போங்கம்பேன். அவ்வளவுதான்." பொறுமையும் இல்லை, நல்ல சுபாவமும் இல்லை. அது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட கட்டு. அதைத்தான் சிகாமணி கண்ணாடி அறையில் கொண்டுபோய் இரண்டு தடவை விற்றிருந்தான். வெளியே வந்து, அந்தச் சப்பையான சிமெண்ட் மேல் பைக்கை ஏற்றும்போது வெட்கமாக இருந்தது, அடுத்த அனுமதி வரட்டும், முதல் பேர் பழனியம்மாள்தான், பிரகலாத் தலைகீழாக நின்றாலும் விடுவதில்லை என்று சொல்லிக்கொண்டான். ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டே சொன்னான்.

இங்கேதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பு சிக்கிக்கொள்கிறது. இதற்கு முன்னால் இருப்பதை எல்லாம் எப்படியாவது விழுங்கிவிடலாம், தெரியாமல் செய்தேன், எனக்கு எப்படித் தெரியும், கண்ணைப் பற்றி யார் சொன்னார்கள் என்று நூறு சமாதானம் உண்டு. மார்கழியில் நடந்ததற்கு ஒன்றுகூட இல்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று தொழிற்சாலை கதவைச் சாத்தப் போகிறது, இதுதான் கடைசி மூன்று வண்டி, இதற்கப்புறம் மாசியில்தான் என்று அவனுக்குத் தெரியும். தை பிறந்தால் அவர் ஓட்ட முடியாது என்றும் தெரியும். கண்ணாடி அறையில் பிரகலாத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார், கட்டடக் கம்பெனிக்காரர் மகன் தருணுக்குத் தை முகூர்த்தத்தில் கல்யாணம், வரவேற்புக்கு மண்டப வாசலில் வண்டி நின்றே ஆக வேண்டுமாம், அப்பா ஷோரூமுக்கே வந்து மேஜையைத் தட்டிவிட்டுப் போயிருந்தார். "யாரைத் தள்ளலாம் சிகாமணி?" அவ்வளவுதான் கேட்டார், அதட்டவில்லை, உருட்டவில்லை, வேலையை விட்டுத் தூக்குவேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இப்போது பிடித்துக்கொள்ள ஒரு கிளையாவது இருந்திருக்கும். சிகாமணி வாயைத் திறந்தான், பழனியம்மாளுக்குக் கண் இப்படி என்று சொல்லத்தான் திறந்தான், சத்தியமாக அதற்குத்தான் திறந்தான், ஆனால் வாய் பழகிப்போயிருந்தது. அந்த அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார். பிரகலாத் முகம் தெளிந்துவிட்டது, தேங்க்ஸ்பா என்று தோளைத் தட்டினார், தெளிந்துவிட்ட முகத்தைப் பார்த்து இல்லை சார் என்று சொல்வதற்கு ஒரு வினாடி இருந்தது, அந்த வினாடியும் போய்விட்டது. ஒரு வினாடியில் சொல்லாததை மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாமே. மறுநாள் பிரகலாத் லீவு. அதற்கு மறுநாள் பட்டியல் போய்விட்டது. இதெல்லாம் காரணமா? போன வாரம் தருண் வீட்டிலிருந்து போன் வந்தது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று. போனான். அடுக்குமாடியின் அடித்தளத்தில், தூணுக்குப் பின்னால், உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது. மண்டப வாசலில் கட்டிய மல்லிகைச் சரம் வாடிக் கறுத்து இன்னும் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்தன்று கொண்டுவந்து நிறுத்தியதுதான், எடுக்கவே இல்லை, ஓடாமல் நின்று பேட்டரி இறங்கியிருந்தது. பிள்ளையும் பெண்ணும் வெளிநாடு போயிருக்கிறார்கள், திரும்பி வந்தாலும் எடுக்க மாட்டார், இந்த வண்டியில் இடுப்பு வலிக்கிறது என்கிறார் தருண் என்று காவலாளி சொன்னார். சிகாமணி பேட்டரிக்கு உயிர் கொடுத்தான், எஞ்சின் அந்த மூடிய இடத்தில் உறுமியது, அவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான், யாராவது தன்னை ஓங்கி ஒரு அறை விட்டால் தேவலை என்று இருந்தது.

பக்கத்து சீட்டில் போன் அதிர்ந்தது. பிளாஸ்டிக் உறை மேல் அதிர்ந்ததால் பெரிய சத்தமாகக் கேட்டது. பழனியம்மாள் மேடம் என்று வந்தது. எடுக்கக் கூடாது, கோடு முக்கால்வாசியில் இருக்கிறது, அசைந்தால் கேபிள் தளர்ந்துவிடும். தளராது, அவனுக்கே தெரியும், இதே மாதிரி உட்கார்ந்துகொண்டு மல்லிகாவோடு எத்தனை தடவை பேசியிருக்கிறான், ஒரு தடவை சண்டைகூடப் போட்டிருக்கிறான். போன் அடித்து ஓய்ந்தது. ஓய்ந்ததும் நிம்மதி வரவில்லை. அவர் மறுபடி அடிக்க மாட்டார், ஒரு தடவைக்கு மேல் அடிப்பது அவசரப்படுத்துவது. சின்ன வயதில் மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் அவன் அம்மா இப்படித்தான் நிற்பாள், முன்னால் நுழைகிறவர்களை ஒன்றும் சொல்லாமல். கடைசியில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பலகையைச் சாத்துவார்கள், காலி டின்னைத் தூக்கிக்கொண்டு வருகிற வழியெல்லாம் அவன் அம்மாவைத்தான் திட்டிக்கொண்டு வருவான், நீயும் கத்த வேண்டியதுதானே என்று. கடைக்காரரைத் திட்டியதாக ஞாபகமே இல்லை. சே, அதையும் இதையும் எதற்கு முடிச்சுப் போட வேண்டும், அது மண்ணெண்ணெய், இது கார், அதுவும் யாருக்கும் அத்தியாவசியம் இல்லாத கார். கார் இல்லாவிட்டால் யாரும் இருட்டில் உட்கார மாட்டார்கள். நினைத்து முடிப்பதற்குள் காபி டம்ளரில் வைத்த அந்த விரல் ஞாபகம் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடியதும் சுற்றியும் ஒன்றும் தெரியவில்லை, நடுவிலும் தெரியவில்லை. பிரேக், என்றது திரை. கண்ணைத் திறந்து மிதித்தான். கோடு நிற்கிறது. நிற்கிறது. இன்னும் நிற்கிறது, போச்சு, செத்தது, அவ்வளவுதான், இதுவும் என் கையாலேயே, முருகா இது ஒன்று மட்டும் என்று உதடு முணுமுணுத்தது, அப்புறம் கோடு சாவகாசமாக, எதுவுமே நடக்காத மாதிரி, ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

முடிந்தது. இனிமேல் கதவைத் திறக்கலாம். திறந்தான், காலை வெளியே வைத்தான், காற்று சட்டைக்குள் புகுந்தது. போனை எடுத்துப் பழனியம்மாளைக் கூப்பிட்டான்.

"ஏனுங் தம்பி, வேலையா இருந்தீங்களாட்ட இருக்குது."

"உங்க வண்டிலதாம்மா உக்காந்திருந்தேன். அப்டேட் முடிஞ்சிடுச்சு. இந்த வாரமே டெலிவரி பண்ணிடலாம்."

"முடிஞ்சுதுங்களா. சந்தோசமுங்க." அவர் பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்தது. "நான் அதுக்குத்தான் கூப்புட்டனுங்க. அவசரப்பட வேண்டாம்னு சொல்லலாம்னு. பொங்கல் கழிச்சு டாக்டர்கிட்டப் போயிருந்தனுங்க, இனித் தொடவே கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டாரு. பையனும் சாவியெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டான். அதனால, வேற யாராச்சும் அவசரமாக் கேட்டுட்டு இருந்தாங்கன்னா அவங்க வண்டிய முன்னால பாத்துக் குடுங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டனுங்க."

சிகாமணி அந்தக் கார்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லக் கூடாது, சொல்லி என்ன ஆகப் போகிறது, பிரகலாத்துக்குத் தெரிந்தால் வேலை போகும் என்றெல்லாம் வரிசையாக வந்தது, அதற்குள் வாய் சொல்லத் தொடங்கியிருந்தது.

"அம்மா, உங்க வண்டி தீபாவளிக்கே வந்திருக்கணும். கப்பல் லேட் ஆகலம்மா. மூணு தடவை யாரைத் தள்ளலாம்னு கேட்டாங்க, மூணு தடவையும் நான்தான் உங்க பேரைச் சொன்னேன். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு. கடைசித் தடவை உங்க கண்ணு விஷயம் தெரிஞ்சேதாம்மா சொன்னேன்."

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. அவர் கத்தட்டும் என்று காத்திருந்தான். திட்டட்டும், சபிக்கட்டும், ஷோரூமுக்கு வந்து மேஜையைத் தட்டட்டும், அதை வாங்கிக்கொள்ளத் தோளைக்கூட நிமிர்த்தி வைத்துக்கொண்டான்.

"கடைசியா யாருக்குங்க குடுத்தீங்க?"

"ஒரு பையனுக்கும்மா. கல்யாணம்னு கேட்டாங்க."

"ம்." அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது, "நல்லா ஓட்டறானுங்களா?"

தூணுக்குப் பின்னால் உறை போர்த்திய வண்டி, கறுத்த மல்லிகைச் சரம், இறங்கிப்போன பேட்டரி. இனிமேல் இவரிடம் பொய் சொல்வதில்லை என்று அவன் முடிவு செய்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நல்லா ஓட்டறான்மா."

"எங்கீங்க போனானாமா?"

"மகாபலிபுரம். ரெண்டு பேருமாப் போனாங்களாம். விடியக்காலைல, ரோடு காலியா இருக்கும்போது."

"அப்பச் சரிங்க" என்றார் பழனியம்மாள். அப்புறம், எப்போதும் போல, "பாத்துப் போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வைத்தார்.